மாடியில் கம்ப்யூட்டர், கீழே டிவி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். இது நிதானமாகப் பேச வேண்டிய விஷயம்.

வீட்டில் கம்ப்யூட்டர் ஓர் அறையில் இருக்கிறது, பெரிய டிவி வேறோர் அறையில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் தெரிவது அந்த டிவியில் தெரிய வேண்டும். கடையில் போய்க் கேட்டால் ஒரு டாங்கிளை எடுத்து நீட்டுவார்கள். வாங்கி வந்து மாட்டினால் முதலில் படம் வரும். பிறகு திக்கித் திக்கி வரும். ஒருநாள் டிவியின் பெயரே பட்டியலில் இருக்காது. அதோடு அந்த டாங்கிள் டிராயருக்குள் போய்விடும். நிறைய வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சாதனத்தில் கோளாறு இருப்பதில்லை. படம் எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்பது தெரியாததால்தான் பணமும் போய் மனமும் சலித்துப்போகிறது. வழி புரிந்துவிட்டால் முக்கால்வாசிச் சிக்கலை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார், பள்ளி ஆசிரியை. மாடி அறையில் மேஜைக் கம்ப்யூட்டர், கீழே ஹாலில் டிவி. மகள் கல்யாண வீடியோ, பேரனின் போட்டோக்கள் எல்லாம் கம்ப்யூட்டரில். மாடிப்படி ஏற முடியாத அவருடைய அம்மா கீழே இருக்கிறார். “தம்பி, ஒவ்வொரு தடவையும் பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டு வந்து அலுத்துப்போச்சு. மேல தெரியுறது அப்படியே கீழ தெரியிற மாதிரி பண்ண முடியுமா?” என்று கேட்டார்.

“முடியும்க்கா. ஆனா கம்ப்யூட்டர் திரை தெரியணுமா, கம்ப்யூட்டர்ல இருக்கிற வீடியோ தெரியணுமா?” என்றேன்.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எதையும் வாங்கக் கூடாது.

வீடியோவைக் காட்டினால் போதும் என்றால் திரையை அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து டிவி அந்தக் கோப்பை நேரடியாக எடுத்துப் படித்துக்கொள்ளும். டிஎல்என்ஏ என்று இதற்கொரு பொது முறை நெடுநாளாகவே உண்டு. அதை நடத்திய அமைப்பு 2017-இல் கலைக்கப்பட்டாலும், டிவிகள் பலவற்றில் அந்த வசதி இன்னும் இருக்கிறது. விண்டோஸில் மீடியா ஸ்ட்ரீமிங் என்ற அமைப்பை இயக்கிவிட்டால், டிவியின் உள்ளீட்டுப் பட்டியலில் எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2 என்பவற்றோடு உங்கள் கம்ப்யூட்டரின் பெயரும் வரும். இன்னும் அழகாக, போஸ்டர் படங்களோடு வரிசைப்படுத்தி வேண்டுமென்றால் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போடலாம். விஎல்சி பயன்படுத்துகிறவர்கள் 2018-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து கூகுளின் குரோம்காஸ்ட் வசதி உள்ள டிவிக்கு அங்கிருந்தே வீடியோவை அனுப்பலாம்.

இதைவிட எளிது இணையத்தில் இருக்கும் படங்கள். யூடியூப் பக்கத்தில் காஸ்ட் குறியை அழுத்தும்போது உங்கள் கம்ப்யூட்டர் டிவிக்குப் படத்தை அனுப்புவதில்லை. எந்த வீடியோ, எந்த நிமிடம் என்ற முகவரியை மட்டும் சொல்கிறது. டிவி தானே இணையத்திலிருந்து அதை இறக்கிக்கொள்கிறது. நடுவில் கம்ப்யூட்டரை அணைத்தாலும் படம் ஓடும். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றைத் திரையாக அனுப்பினால் பல நேரம் ஒலி மட்டும் வந்து டிவி கறுப்பாக நிற்கும். யாரும் நகலெடுத்துவிடாமல் இருக்க அவர்களே போட்ட பூட்டு அது. அதைப் பழுது என்று நினைத்துப் போராட வேண்டாம். டிவியில் இருக்கும் அவர்களுடைய ஆப்பைத் திறந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் திரையையே அனுப்ப வேண்டியது எப்போது? ஜூம் வகுப்பை எல்லோரும் சேர்ந்து பார்க்க, கணக்குத் தாளை விரித்து வைத்துக் குடும்பத்தோடு பேச, ஊருக்குப் போக ரயில் டிக்கெட்டை எல்லோர் முன்னாலும் பார்த்துப் பதிவு செய்ய, போட்டோக்களைத் திருத்திக்கொண்டே காட்ட. கம்ப்யூட்டரில் அந்த நொடியில் நடப்பதுதான் தெரிய வேண்டும் என்னும்போது வேறு வழியில்லை.

அங்கேதான் சிரமமும் ஆரம்பிக்கிறது. ஒரு சாதாரண ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள், மொத்தம் 20 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட். விநாடிக்கு 60 படம். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு ஏறக்குறைய 300 கோடி பிட். எச்டிஎம்ஐ வயர் இதை அனாயாசமாகக் கொண்டுபோகும். வீட்டு வைஃபையால் அதை அப்படியே சுமக்க முடியாது. அதனால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்தையும் சுருக்கி, விநாடிக்குச் சில மெகாபிட் அளவுக்குக் கொண்டுவந்து அனுப்புகிறது. டிவி அதை வாங்கி விரித்துக் காட்டுகிறது. சுருக்க ஒரு கணம், அனுப்ப ஒரு கணம், விரிக்க ஒரு கணம். நீங்கள் மவுஸை நகர்த்தியதற்கும் டிவியில் அம்புக்குறி நகர்வதற்கும் இடையே தெரியும் தாமதம் இவற்றின் கூட்டுத்தொகை. எவ்வளவு விலை கொடுத்தாலும் கம்பியில்லா முறையில் இது முழுதாகப் போகாது, குறையத்தான் செய்யும். சினிமா பார்க்க இது இடைஞ்சல் இல்லை. ஒலியும் படத்தோடு சேர்ந்தே தாமதமாக வருவதால் உதட்டசைவு பொருந்தியிருக்கும். தட்டச்சு செய்யவும் விளையாடவும்தான் எரிச்சலாக இருக்கும்.

“யூடியூப் மட்டும் திக்காம ஓடுதே தம்பி, அதுவும் இதே வைஃபைதானே?” என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. யூடியூப் அடுத்து வரவேண்டிய காட்சிகளைக் கொஞ்சம் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் வைஃபை சில விநாடி தடுமாறினாலும் கையிருப்பிலிருந்து ஓட்டிவிடும். திரையை அனுப்பும்போது அப்படிச் சேமிக்க வழியில்லை. அடுத்த விநாடியில் உங்கள் திரையில் என்ன வரும் என்பது இன்னும் நடக்கவே இல்லையே. அதனால் வைஃபை அரை விநாடி தடுமாறினால் அது அப்படியே டிவியில் தெரிந்துவிடும். இணைய வேகத்தை 100-இலிருந்து 300 மெகாபிட்டுக்கு ஏற்றினாலும் இதில் ஒரு மாற்றமும் வராது. திரை உங்கள் வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகப் பெரிய பிளானுக்கு மாறாதீர்கள்.

இப்போது திரையை அனுப்பும் முறைகளின் பெயர்களைப் பார்த்துவிடலாம். மிராகாஸ்ட் என்பது வைஃபை அலையன்ஸ் 2012-இல் கொண்டுவந்த முறை. விண்டோஸ் 8.1 முதல் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் கீயோடு கே எழுத்தை அழுத்தினால் அருகில் உள்ள டிவிகள் பட்டியலாக வரும். இது ரூட்டரைத் தேடாது. லேப்டாப்பும் டிவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். ஒரே அறையில் இருந்தால் இது அருமை. வேறு அறை என்றால் நடுவில் இருக்கும் சுவர் முழுவதையும் லேப்டாப்பின் சின்ன ஆன்டெனாவே தாண்டியாக வேண்டும். வைஃபை இல்லாமல் லேன் வயரில் மட்டும் ஓடும் மேஜைக் கம்ப்யூட்டரில் இந்த நேர்முறை வேலையே செய்யாது. கூகுள் காஸ்ட் என்பது 2013-இல் குரோம்காஸ்ட் சாதனத்தோடு வந்தது. குரோம் பிரவுசரின் மெனுவில் காஸ்ட் என்று இருக்கும். ஒரு டேபை மட்டும் அனுப்பலாம், முழுத் திரையையும் அனுப்பலாம். இது ரூட்டர் வழியாகப் போகிறது. குரோம்காஸ்ட் சாதனத்தின் உற்பத்தியை கூகுள் 2024-இல் நிறுத்திவிட்டது என்றாலும் கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவிகளுக்குள் அந்த வசதி தொடர்கிறது. குரோம்காஸ்டுக்கு மிராகாஸ்ட் தெரியாது. விண்டோஸ் கீயும் கே-யும் அழுத்திவிட்டு குரோம்காஸ்ட் ஏன் வரவில்லை என்று தேடுகிறவர்கள் ஏராளம். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஏர்ப்ளே. 2019 முதல் சாம்சங், எல்ஜி, சோனி டிவிகள் பலவற்றில் அது உள்ளேயே வருகிறது.

வேறு அறைக்கு அனுப்ப என் தேர்வு ரூட்டர் வழியாகப் போகும் முறைதான். ஏனென்றால் அதில் நாம் தலையிட்டுச் சரிசெய்ய இடம் இருக்கிறது.

எப்படி என்று பாருங்கள். கம்ப்யூட்டரும் வைஃபையில், டிவியும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு படமும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது: கம்ப்யூட்டரிலிருந்து ரூட்டருக்கு ஒன்று, ரூட்டரிலிருந்து டிவிக்கு இன்னொன்று. இரண்டும் ஒரே அலைவரிசையில். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதாவது டிவி கேட்கும்போது கம்ப்யூட்டர் காத்திருக்கிறது, கம்ப்யூட்டர் அனுப்பும்போது டிவி காத்திருக்கிறது. நடுவில் வீட்டிலுள்ள போன்கள் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டும், ஆனால் பக்கத்து வீட்டு ரூட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு என்று அங்கே நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைவு, ஆனால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரையும் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தையும் கண்டால் தளர்ந்துவிடும்.

அக்கா வீட்டில் ஃபைபர் இழுத்தவர்கள் ரூட்டரை ஹாலில் வாசல் பக்கம் பொருத்தியிருந்தார்கள். மாடியில் கம்ப்யூட்டருக்கு வைஃபை டாங்கிள் ஒன்று. அது சிபியுவின் பின்பக்கம், நீல நிற யுஎஸ்பி ஓட்டையில், சுவரைப் பார்த்தபடி, மேஜைக்கு அடியில் இருந்தது. பக்கத்தில் இரும்பு பீரோ. இரும்பு வைஃபையை மறைக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. அறியாத ஒன்று அந்த நீல ஓட்டை. அது யுஎஸ்பி 3; வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் எழுதிய அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஒரு சாதாரண யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் அந்த டாங்கிளை மாட்டி, மேஜைமேல் ஜன்னல் ஓரம், பீரோவை விட்டுத் தள்ளி வைத்தோம். சிக்னல் கோடுகள் உடனே கூடின.

அதைவிடப் பெரிய மாற்றம் கீழே நடந்தது. ரூட்டரும் டிவியும் ஒரே ஹாலில்தான் இருந்தன. அவை இரண்டுக்கும் இடையே சுவர் ஓரமாக ஒரு லேன் வயர் இழுத்தோம். அவ்வளவுதான். இரண்டு காற்றுப் பயணத்தில் ஒன்று வயருக்கு மாறிவிட்டது. நிறைய டிவிகளில் லேன் போர்ட் 100 மெகாபிட்தான், ஆனால் திரையை அனுப்ப அதில் கால் பங்குகூட வேண்டியதில்லை. கல்யாண வீடியோவில் நாதஸ்வரமும் கெட்டிமேளமும் நிற்காமல் கேட்டன. புதிதாக எந்தச் சாதனமும் வாங்கவில்லை. உங்கள் வீட்டிலும் முதலில் இதைச் செய்து பாருங்கள்: ரூட்டருக்கு எது பக்கம், கம்ப்யூட்டரா டிவியா? பக்கத்தில் இருப்பதை வயரில் கட்டுங்கள். இரண்டையும் கட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

டிவியின் பெயரே பட்டியலில் வராதது வேறு சிக்கல். “யாரெல்லாம் இருக்கிறீர்கள்?” என்று கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் குரல் கொடுக்கும், டிவி பதில் சொல்லும். அந்தக் குரல் ஒரே நெட்வொர்க்குக்குள்தான் கேட்கும். டிவி விருந்தினர் வைஃபையில் இருந்தால் கேட்காது. மாடிக்கு எட்டவில்லை என்று பழைய ரூட்டர் ஒன்றை இன்னொரு ரூட்டரோடு இணைத்திருந்தாலும் கேட்காது, ஏனென்றால் பெரும்பாலும் அது தனி நெட்வொர்க் ஒன்றை உருவாக்கியிருக்கும். சோதிக்க எளிய வழி, கம்ப்யூட்டரின் ஐபி எண்ணையும் டிவியின் ஐபி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது. ஒன்று 192.168.1 என்றும் மற்றொன்று 192.168.0 என்றும் ஆரம்பித்தால் அவை வேறு வேறு வீடுகள். அந்த இரண்டாவது ரூட்டரின் அமைப்பில் ஆக்சஸ் பாயின்ட் என்று மாற்றிவிட்டால் எல்லாம் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். விண்டோஸில் உங்கள் வீட்டு வைஃபை பப்ளிக் என்று குறிக்கப்பட்டிருந்தால் பிரைவேட் என்று மாற்றுங்கள். அலுவலக லேப்டாப்பில் விபிஎன் ஓடினால் அதுவும் டிவியை மறைக்கலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் டிவிக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். மிராகாஸ்ட் பட்டியலில் பக்கத்து வீட்டு டிவியும் வரும். ஒரே கம்பெனி டிவி இரண்டு வீட்டில் இருந்தால் குழப்பம். அனுப்பும் முன் கம்ப்யூட்டரில் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். உங்கள் வாட்ஸ்அப் செய்தி உறவினர் முன்னால் பெரிய எழுத்தில் வர வேண்டியதில்லை. ஒலி வரவில்லை என்றால் ஒலிக்குறியை அழுத்தி டிவியைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியின் பட அளவு அமைப்பில் முழுத் திரைக்குப் பொருந்தும் தேர்வைப் போடுங்கள். பழைய குழாய் டிவி காலத்து வழக்கம் அது, இன்னும் விடவில்லை. தாமதத்தைக் குறைக்க டிவியில் கேம் மோடு இருந்தால் அதைப் போடலாம். கம்ப்யூட்டர் தூங்கிவிடாதபடி பவர் அமைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியானபின் அக்கா கேட்டது: “நிறுத்தணும்னா நான் மேல ஓடணுமா?” வேறு அறை என்றாலே இந்தக் கேள்வி வரும். கம்பியில்லா மவுஸ் திறந்த வெளியில் பத்து மீட்டர் வரும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி நம்பி வைத்துக்கொள்ள முடியாது. இதற்கு நல்ல வழி விளையாட்டுக்காரர்களிடமிருந்து வந்தது. கம்ப்யூட்டரில் சன்ஷைன், டிவியில் மூன்லைட் என்று இரண்டு இலவச மென்பொருள்கள் உண்டு. கேம் விளையாடுவதற்காக எழுதப்பட்டவை என்றாலும் முழுத் திரையையும் காட்டும். டிவியோடு இணைத்த கீபோர்டு, மவுஸின் அசைவுகளை மேலே உள்ள கம்ப்யூட்டருக்கு எடுத்துச் செல்லும். ஆண்ட்ராய்டு டிவியில் மூன்லைட் கிடைக்கிறது. தாமதமும் மற்ற முறைகளைவிடக் குறைவு. அமைக்க ஒரு மாலைப் பொழுது ஆகும், பொறுமை வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் அறைக்கே போகாமல் டிவி முன் உட்கார்ந்து வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இவ்வளவு சொன்னபிறகும், தினமும் மணிக்கணக்கில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் வயர்தான் என் தீர்ப்பு. எச்டிஎம்ஐ வயர் ஃபுல் எச்டிக்குப் பத்து மீட்டர்வரை பெரும்பாலும் தொல்லை தராது. 4கே-யை விநாடிக்கு 60 படம் என்று அனுப்பும்போது சாதாரணச் செம்பு வயர் ஐந்து மீட்டரைத் தாண்டினாலே நம்ப முடியாது. அதற்கு மேல் ஒளியிழை எச்டிஎம்ஐ வயர் கிடைக்கிறது. முப்பது மீட்டருக்கும் தயங்காது. வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் சோர்ஸ், மறுமுனையில் டிஸ்ப்ளே என்று போட்டிருக்கும். மாற்றிச் சொருகினால் படம் வராது. இன்னொரு வழி, லேன் வயரின் இரு முனையிலும் ஒரு பெட்டியை வைத்து எச்டிஎம்ஐ-யை அனுப்பும் எக்ஸ்டெண்டர். எச்டிபேஸ்டி என்ற தரத்தில் வருபவை நூறு மீட்டர்வரை போகும். அந்த வயர் ஒரு பெட்டியிலிருந்து மறுபெட்டிக்கு நேராகப் போக வேண்டும். நடுவில் ரூட்டர் கூடாது. கேட்6 வயர் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் விலை குறைவாக அதே பெயரில் விற்கிறது. நீளம் கூடும்போது அதுதான் கைவிடும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடமும், வயரிங் மாற்றப் போகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். டிவி வரப்போகும் சுவரிலிருந்து கம்ப்யூட்டர் வைக்கும் அறைக்கும், ரூட்டர் இருக்கும் இடத்துக்கும் தனித்தனியே ஒரு அங்குல பைப் போடச் சொல்லுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்க விடாதீர்கள். ஆபத்தும் உண்டு, இரைச்சலும் உண்டு. வளைவுகளில் எல்போ வேண்டாம், நீள வளைவாகப் போடச் சொல்லுங்கள். எச்டிஎம்ஐ வயரின் தலை பிளாஸ்டிக் உறையோடு இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும், முக்கால் அங்குல பைப்பில் வளைவு தாண்டாது. லேன் வயருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆறு மில்லிமீட்டர் தடிமன்தான்; தலை இல்லாமல் இழுத்துவிட்டுப் பிறகு கிரிம்ப் செய்துகொள்ளலாம். இன்றைக்கு எந்த வயரும் வாங்காவிட்டாலும் பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றையாவது போட்டு வைக்கச் சொல்லுங்கள். பூச்சு வேலை தொடங்கும் முன் எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பூசிய சுவரை மறுபடி உடைத்துக் காடி எடுக்க ஆகும் செலவு அந்த பைப்பின் விலையைப்போல் பல மடங்கு.